தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்பு: 1950களில் படித்த பிள்ளையின் பதிவை எங்கே தேடுவது, எப்படி வாசிப்பது?

கொட்டாஞ்சேனைக் குறிப்பேடு (கேள்வி)

தேடப்படுவது ஒரு பிள்ளையின் பள்ளிப் பதிவு, அதாவது சேரும் பிள்ளைகளை இலக்கமிட்டு எழுதிய சேர்வு இடாப்பில் உள்ள வரி. புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். பிள்ளை ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 1950 தொடக்கம் 1955 வரை படித்ததாகத் தெரிகிறது. தேடுகிறவர்கள் கொழும்பில். பிறப்புச் சான்றிதழ் இல்லை.

கையில் இருப்பவை:

முதலாவது, பாதி கிழிந்த விடுகைப் பத்திரம். சேர்வு இலக்கம் 212, பிறந்த திகதி 1943.01.01, கடைசியாகப் படித்தது 5ஆம் வகுப்பு. பள்ளியின் பெயர் இருந்த மூலை இல்லை, தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிகிறது.

இரண்டாவது, வீட்டுக் கணக்குக் கொப்பி ஒன்றில் "சுபானு வருடம் தை 14" என்று ஒரு வரி. வீட்டார் இதை 1943 ஜனவரி என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தகப்பன் 1951 ஜூலையில் போட்ட பிரசாவுரிமை விண்ணப்பத்தின் நகல். அதில் இந்தப் பிள்ளைக்கு வயது 7.

அந்தத் தோட்டத்தில் இப்போது அந்தப் பெயரில் பாடசாலை இல்லை. சேர்வு இடாப்பு எங்கே போயிருக்கும்? கண்டுபிடித்தால் எதை எதைப் பார்க்க வேண்டும்? காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அது உதவுமா?

சுவடிப்பெட்டி

இடாப்பு எங்கே இருக்கும் என்பது அது யாருடைய சொத்தாக இருந்தது என்பதைப் பொறுத்தது. 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 வயது தொடக்கம் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டக்காரர் தலையில் வைத்தது. ஆக, தோட்டப் பாடசாலை என்பது அரசாங்கப் பள்ளி அல்ல. துரை (தோட்ட முகாமையாளர்) நிர்வாகத்தின் ஒரு கிளை. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை பெரும்பாலும் வெளியேதான் நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் கல்வித் திணைக்களத்தின் கைக்கு வந்தன. 1955இல் விலகிய பிள்ளையின் இடாப்பு, குறைந்தது இருபது வருடமாவது தோட்டத்தின் பொறுப்பில் கிடந்த புத்தகம். தேடும்போது இதை மறக்கக் கூடாது.

கைமாறியபோது நடந்தவை மூன்று வகை. சில இடங்களில் ஆசிரியர் பழைய இடாப்பை அப்படியே தொடர்ந்தார். அந்தப் புத்தகம் இன்றைய பாடசாலையின் அதிபர் அறை அலுமாரியில் இருக்கும். சில இடங்களில் புது இடாப்பை 1ஆம் இலக்கத்திலிருந்து தொடங்கிப் பழையதைக் கட்டிப் போட்டார்கள். அப்படியானால் ஒரே பள்ளியில் 212ஆம் இலக்கம் இரண்டு பேருக்கு இருக்கும். புது இடாப்பில் 212 வேறொரு பிள்ளை என்றதும் "பதிவு இல்லை" என்று பதில் வந்துவிடும். மூன்றாவது வகை, மேல்கணக்கு, கீழ்கணக்கு, நடுக்கணக்கு என்று தோட்டத்தின் பிரிவுகளில் தனித்தனியாக நடந்த சின்னப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தது. உங்களுடையது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பழைய பெயரில் பள்ளியே இல்லை என்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை பள்ளியின் இன்றைய பெயரைப் பிடிப்பது. ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்தில் பாடசாலைப் பட்டியல் இருக்கும். "நு/ஹ/" என்று தொடங்கும் இன்றைய பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். அந்த முன்னொட்டு பின்னாளில் வந்தது, பழைய காகிதம் எதிலும் இராது. தோட்டப் பெயர், கணக்கு, கிட்டிய நகரம் மூன்றையும் எழுதிக்கொடுத்து, "இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது போகும் பாடசாலைகள் எவை, அவற்றில் எது எதனோடு இணைக்கப்பட்டது" என்று கேளுங்கள். கேள்வியை இப்படிப் போட்டால் கோட்டக் கல்வி அலுவலகத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

தோட்டத்துக்கு இரண்டு பெயர் என்பதையும் மனதில் வையுங்கள். ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) சனம் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டுக்கும் ஒலித் தொடர்பே இருக்காது. பழைய துரை ஒருவரின் பெயரோ, பாறையோ, ஆறோ தமிழ்ப் பெயராக நின்றிருக்கும். பெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கை விவரக்கொத்தின் பதிப்புகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் உண்டு. கொழும்பிலேயே பார்த்துவிடலாம்; ஹட்டனுக்கு பஸ் ஏறுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

பள்ளியில் இல்லையென்றால் அடுத்தது தோட்டக் கந்தோர். அங்கே பழைய காகிதங்கள் 1975க்குப் பின் அரச கூட்டுத்தாபனங்களுக்கும் 1992இல் பிராந்தியக் கம்பனிகளுக்குமாக இரண்டு தடவை கைமாறியிருக்கின்றன. பெரிய கிளாக்கரிடம் "ஸ்கூல் புக்" என்று கேட்டால் இல்லை என்பார். செக்ரோல் (தொழிலாளர் பெயர், வேலைநாள் பதிவேடு), பிறப்பு–இறப்பு அறிவித்தல் புத்தகம், பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) புத்தகம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மிஷன் நடத்திய பள்ளி என்றால் வழி வேறு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், சர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்தது. அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். மெதடிஸ்த மிஷன் ஆவணங்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில். இரண்டிலும் பள்ளிகளைப் பற்றிய அறிக்கை கிடைக்கும், பிள்ளையின் பெயர் கிடைப்பது அபூர்வம்.

கொழும்பு 07, பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு எல்லாரும் முதலில் ஓடுவார்கள். தனித் தோட்டப் பள்ளியின் சேர்வு இடாப்பை அங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கல்விப் பணிப்பாளரின் வருடாந்த நிர்வாக அறிக்கைகள், அரசாங்க அதிபர் நாட்குறிப்புகள், வர்த்தமானி போன்றவற்றுக்குப் போகலாம். பிள்ளையை அல்ல, பள்ளியை நிரூபிக்க. பிரிட்டிஷ் காலக் கோவைகள் "லொட்" எண்ணால் அடுக்கப்பட்டவை. பொருளைச் சொல்லிக் கேட்பதை விட லொட் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேலை சுருங்கும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள்.

எழுத்தாணி

இடம் பற்றிச் சுவடிப்பெட்டி சொன்னது போதும். நான் திகதிக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டுக் கணக்கு பிழை.

சுபானு 1943 சித்திரையில் பிறந்து 1944 பங்குனியில் முடிந்த வருடம். தை, மாசி, பங்குனி மூன்றும் வருடத்தின் கடைசி மாதங்கள். அதனால் சுபானு தை என்பது 1944 ஜனவரி நடுப்பகுதியில் தொடங்குகிறது. தை 14 என்றால் 1944 ஜனவரி 27, ஒரு நாள் முன்பின் இருக்கலாம். தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக்கும்போது தை, மாசி, பங்குனிப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு வருடம் கூட்ட வேண்டும். வீட்டார் வருடத்தின் தொடக்கத்தை மட்டும் பார்த்து 1943 என்று நிறுத்திவிட்டார்கள். சுற்றியுள்ள வருடங்களும் தேவைப்படும்: விசு 1941–42, சித்திரபானு 1942–43, தாரண 1944–45, பார்த்திப 1945–46.

இப்போது மற்ற இரண்டு காகிதத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1944 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு 1951 ஜூலையில் 7 வயது; விண்ணப்பத்தில் உள்ளது அதுதான். 1950 ஜனவரியில் சேர்ந்திருந்தால் சரியாக 6. 1943 என்று வைத்தால் விண்ணப்பத்தில் 8 என்று இருந்திருக்க வேண்டும். விடுகைப் பத்திரத்தின் 1943.01.01ஐ நான் திகதியாகவே எடுக்க மாட்டேன். ஜனவரி முதலாம் திகதி என்பது "தெரியாது" என்பதற்கு ஆசிரியர் எழுதும் எழுத்து. ஒரே பக்கத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு 01.01 இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த விண்ணப்பமும் சும்மா காகிதம் இல்லை. 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருந்ததால் குடும்பங்கள் பள்ளிச் சான்று, செக்ரோல் துண்டு எல்லாவற்றையும் இணைத்தார்கள். முழுக் கோவை கிடைத்தால், ஆசிரியர் 1951இலேயே எழுதிக்கொடுத்த கடிதம் அதற்குள் இருக்கக்கூடும். 1955 விடுகைப் பத்திரத்தை விடப் பழைய சாட்சி அது. நகலின் மேல் மூலையில் உள்ள கோவை எண்ணைக் குறித்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவில் கேளுங்கள்.

இனி இடாப்பை வாசிப்பது. ஒரு வரி எதிரெதிரான இரண்டு பக்கங்களில் ஓடும்: சேர்வு இலக்கம், சேர்ந்த திகதி, பெயர், பிறந்த திகதி, சமயம், பாதுகாவலர், விலாசம், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய வகுப்பு, காரணம். புத்தகம் தையல் விட்டிருந்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒரு கோடு விலகி நிற்கும். அடுத்த பிள்ளையின் விலகல் திகதி உங்கள் பிள்ளைக்கு வந்துவிடும். மட்டக்கோலை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே வைத்து வாசியுங்கள்.

பெயரைப் பிடித்துத் தேடாதீர்கள், இலக்கத்தையும் திகதியையும் பிடியுங்கள். வீட்டில் ஒரு பெயர், பெரட்டில் (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய இடாப்பு என்றால் "தங்கவேல்" "டங்கவேல்" ஆகலாம், "சாமி" மூன்று விதமாக முடியலாம், "ழ" எதுவாகவும் மாறலாம். தமிழில் எழுதியது என்றால் லை, னை, ணை என்பவை பழைய கொம்பு வடிவில், றா, னா, ணா சுழித்த வடிவில் இருக்கும். அவசரக் கையெழுத்தில் புள்ளி விழாது, கால் குறியும் (ா) ரகரமும் ஒன்றாகத் தெரியும். சந்தேகமான எழுத்தை அதே கை வேறு வரியில் எழுதிய எழுத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் ஊகத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் விரும்பிய பெயர்தான் தெரியும்.

212க்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து வரி பாருங்கள். ஒரே லயத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டிருப்பார்கள், அக்காவோ தம்பியோ பக்கத்தில் நிற்பார்கள். அதே தகப்பன் பெயரில் இரண்டு பிள்ளைகளுக்கு நாலு மாத வித்தியாசத்தில் பிறந்த திகதி இருந்தால் இரண்டில் ஒன்று ஊகம் என்பது தெளிவு.

"விலகிய காரணம்" கட்டத்தை நிதானமாக வாசியுங்கள். "வேறு தோட்டம்", "இந்தியா", "பேர் பதிவு" என்று ஒரு சொல்தான் இருக்கும். கடைசியானது செக்ரோலில் பெயர் ஏறி வேலைக்குப் போனதைச் சொல்வது. அப்படியானால் அதே மாதச் செக்ரோலில் வயதோடு பெயர் இருக்கும், ஆனால் வேலைக்குப் பெயர் பதியும்போது வயதைக் கூட்டிச் சொல்வது வழக்கம். பள்ளி வயதும் செக்ரோல் வயதும் முட்டினால் பள்ளி வயதுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

வரவு இடாப்பு கிடைத்தால் மேலதிக பலம். ஒரு எச்சரிக்கை மட்டும்: மானியம் பெற்ற பள்ளிகளில் வரவு எண்ணிக்கையும் மானியமும் தொடர்புடையவை. மாசியில் காமன் கூத்து நாட்களிலும் கொழுந்து பொங்கும் மாதங்களிலும் வரவு மெலியாமல் ஒரே சீராக ஓடும் இடாப்பைப் பார்த்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளை அங்கே படித்தது என்பதற்கு அது சான்று. எத்தனை நாள் வந்தது என்பதற்கு அல்ல.

கொட்டாஞ்சேனைக் குறிப்பேடு

தை மாத விளக்கத்துக்கு நன்றி ஐயா, அது ஒன்றே பெரிய முடிச்சு. வலய அலுவலகம் காட்டிய பாடசாலையில் பழைய இடாப்பு இருக்கிறது. ஆனால் கூரை ஒழுகி நனைந்த புத்தகம். 180 தொடக்கம் 240 வரையான இலக்கங்கள் உள்ள பக்கங்கள் ஒட்டியிருக்கின்றன, மை நீலமாக மங்கியிருக்கிறது, ஓரத்தில் பூஞ்சணம். அதிபர் படமெடுக்க விடுவார், கொண்டுபோக விடமாட்டார். வெயிலில் காயவைக்கலாமா என்று அவரே கேட்கிறார்.

காகிதப்பூச்சி

வெயில் வேண்டாம். காகிதம் சுருண்டு விறைக்கும், நீலச் சாயமை இன்னும் வெளிறும். நிழலில், காற்றோட்டமான அறையில், மேசைக் காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் புத்தகத்தைக் காயவிடச் சொல்லுங்கள். காற்று நேரே பக்கத்தில் அடித்தால் பூஞ்சண வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். திறக்கக்கூடிய ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் இடையில் அச்சடிக்காத வெள்ளைத் தாள் ஒன்று. ஈரமானதும் மாற்ற வேண்டும். அச்சடித்த பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை இதில் ஏறும். பொலித்தீன் பையில் கட்டி வைக்கவே கூடாது, ஈரம் உள்ளே நின்று இரண்டு நாளில் பூஞ்சணம் இரட்டிக்கும்.

ஒட்டிய பக்கங்களை ஈரத்தோடு பிரித்தால் எழுத்து எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். இடாப்புத் தாள் வழவழப்புப் பூசாத தாள், முழுக்கக் காய்ந்தால் பெரும்பாலும் தானே விடும். காய்ந்த பின் மழுங்கிய மூங்கில் ஈர்க்கு ஒன்றை மூலையிலிருந்து படுக்கையாக நுழையுங்கள். எதிர்ப்புத் தெரிந்த இடத்தில் நிறுத்தி வேறு மூலைக்குப் போங்கள். தண்ணீர் தொட்டுப் பிரிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மங்கிய நீலம் என்றால் கழுவினால் போகும் சாயமை, ஒரு துளி போதும்.

பூஞ்சணம் தொட்டால் இழுபட்டுப் பிசுக்கென்றிருந்தால் உயிரோடு இருக்கிறது, துடைக்காமல் காயவிடுங்கள். பொடியாக உதிர்ந்தால் மென்மையான தூரிகையால் தையல் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வாசலுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் மறுபடி வரும். மலையில் அது சாதாரணம், ஆகவே புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டில் வைக்க வேண்டாம் என்று அதிபரிடம் சொல்லுங்கள். கிழிசலுக்கு செலோட்டேப், பாதுகாப்புக்கு லமினேற்றிங் இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், லமினேற்றிங்கைப் பிறகு கழற்றவே முடியாது.

படமெடுப்பது: 12 மெகாபிக்சல் போனின் நீளப் பக்கம் சுமார் 4000 புள்ளி. 33 சென்றிமீற்றர் உயரமான பக்கத்தைச் சட்டகம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி வரும், அது போதும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு படம், பிறகு தனித்தனி ஒவ்வொன்று. பிளாஷ் போடாதீர்கள். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு மேசை விளக்கு, போன் தாளுக்கு நேர் மேலே. ஓரத்தில் மட்டக்கோல் தெரிய வேண்டும். அட்டை, முதற்பக்கம், பள்ளியின் பெயரோ முத்திரையோ உள்ள பக்கம், 212க்கு முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் எடுங்கள். ஒற்றை வரியை மட்டும் எடுத்து வந்தால் அது எந்தப் புத்தகம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மங்கிய நீல மையைப் படத் திருத்தச் செயலியில் சிவப்பு அலைவரிசையில் மட்டும் பாருங்கள், எழுத்து கறுத்துத் தெரியும். பழுப்பாகிய பழைய மை என்றால் நீல அலைவரிசை. எழுத்தே போய்ப் பேனா அழுத்தம் மட்டும் மிஞ்சியிருந்தால் அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தாளோடு படுக்கையாகப் பிடித்து எடுங்கள். திருத்திய படத்தைத் தனிப் பெயரில் சேமியுங்கள், மூலப் படத்தில் கைவைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படத்தை மூலமென்று வைத்துக்கொள்வது எல்லாரும் விடும் பிழை.

கச்சேரிக் கடுதாசி

சட்டப் பக்கம். காலங்கடந்த பிறப்புப் பதிவு 1951ஆம் ஆண்டு 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் நடப்பது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அதற்கு முன் தேடுதல் விண்ணப்பம் போட்டு, பதிவு இல்லை என்ற முடிவைக் கையில் எடுங்கள். தேடும்போது ஒரு விடயம்: தோட்டத்துப் பிறப்பை அறிவிக்கும் கடமை துரையுடையது, பிள்ளைக்குப் பெயர் வைக்காமலே பதிந்த பிறப்புகளும் உண்டு. பிள்ளையின் பெயரால் கிடைக்கவில்லை என்றால் தாயின் பெயர், தோட்டப் பெயர் இரண்டாலும் தேடச் சொல்லுங்கள். வருடத்தையும் 1943, 1944, 1945 என்று விரித்துக் கொடுங்கள். பதிவு உண்மையில் இருந்து, அது தெரியாமல் புதிதாகப் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு சான்றிதழ் வந்து பிறகு கழற்றுவது பெரும்பாடு.

போனில் எடுத்த படம் சான்று ஆகாது. அதிபர் கையொப்பமும் முத்திரையும் இட்டு, "மூல இடாப்பின் இத்தனையாம் பக்கம், இலக்கம் 212, உள்ளபடி எடுத்த பிரதி" என்று எழுதிய சான்றுப்படுத்திய பிரதி வேண்டும். 1943.01.01ஐ 1944 ஆக்கிப் பிரதி எழுதித் தரும்படி அதிபரைக் கேட்காதீர்கள். இடாப்பில் உள்ளது உள்ளபடியே வரட்டும். முரண்பாட்டைச் சத்தியக் கடதாசியில் நீங்கள் விளக்குங்கள். எழுத்தாணி காட்டிய மூன்று கணக்கையும் அதில் அப்படியே போடலாம். வகுப்பையும் மாற்றாதீர்கள்: அன்று பாலர் வகுப்புகள் தனியே எண்ணப்பட்டன, ஆகவே அன்றைய "5ஆம் வகுப்பு" இன்றைய தரம் 5 என்று எழுத வேண்டாம்.

இங்கே அதிபர் ஒத்துழைக்கிறார், நல்லது. மறுக்கும் இடத்தில் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க 5ஆம் பிரிவில் இடமுண்டு, ஆகவே சம்பந்தப்பட்டவரின் எழுத்துமூலச் சம்மதத்தை விண்ணப்பத்தோடேயே இணைத்துவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே இதைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. "அப்படி ஓர் ஆவணம் எம்மிடம் இல்லை" என்று எழுத்தில் ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு அலுமாரியைத் திறக்க யாரும் எழும்ப மாட்டார்கள்.

எழுத்தாணி

ஒன்று விட்டுப்போனது. எடுத்த படங்களை இங்கேயோ முகநூலிலோ போட நினைத்தால் 212ஆம் வரி தவிர மற்ற வரிகளை மறைத்துப் போடுங்கள். சில பழைய இடாப்புகளில் சமயத்தோடு சாதியும் எழுதியிருக்கும், அந்தப் பிள்ளைகள் இன்று எண்பது வயதில் அதே தோட்டத்தில் இருக்கலாம். மூலப் படங்களின் ஒரு தொகுதியைப் பென்டிரைவில் போட்டு அதிபரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த மழைக்கு அந்தக் கூரை திருத்தப்பட்டிருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.